உண்ணல் கோளாறு சிகிச்சை மையம்: மருத்துவம் நன்று, அனுமதிக்கும் முறை மாற வேண்டும்

எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கவைக்கும் அனோரெக்சியா என்ற நோய்க்காக என் மகள் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்ற மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. மனநல மருத்துவர், உளவியலாளர், உணவியல் நிபுணர், பொது மருத்துவர் ஆகிய நால்வரும் ஒரே குழுவாகச் செயல்படும் இடங்கள் குறைவு என்பதால், இதைத் தேடி வருவோர் பலர். சிகிச்சையின் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். நோயாளிகளை அனுமதிக்கும் முறைக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதல் நாளில் அவளுடைய உயரத்தையும் எடையையும் அளந்தார்கள், உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என்று காட்டும் பிஎம்ஐ எண்ணைக் கணக்கிட்டார்கள், எண் வழக்கமான வரம்புக்குள் இருப்பதால் இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, எடை இன்னும் இறங்கினால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குறுகிய காலத்தில் அவள் எவ்வளவு எடை இழந்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நாடித்துடிப்பு குறைவதும் இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைவதும் தற்போதைய எடையை மட்டும் பொறுத்தவையல்ல. எவ்வளவு எடை, எத்தனை வேகமாகக் குறைந்தது என்பதையும் பொறுத்தவை. எடை மிகவும் குறையாத நிலையிலும் அனோரெக்சியாவின் மற்ற எல்லா அறிகுறிகளும் இருக்கக்கூடும் என்பதை, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேடு ஏற்றுக்கொண்டுள்ளது. பிஎம்ஐ போன்ற ஒற்றை அளவுகோலை வைத்துச் சிகிச்சை தருவதா இல்லையா என்று முடிவுசெய்யக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியில் தெளிவாகக் கூறியுள்ளது.

"இன்னும் இறங்கினால் வாருங்கள்" என்பது நிர்வாகத்துக்கு ஒரு விதி. நோயுற்ற பெண்ணின் காதிலோ அது கட்டளையாகவே விழுகிறது. நீ இன்னும் மெலியவில்லை என்று இரவு பகலாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த நோயை மருத்துவமனையே வழிமொழிந்ததுபோல் ஆயிற்று. அன்று முதல் அவள் மேலும் குறைவாகச் சாப்பிட்டாள். வேறொரு மருத்துவர் இசிஜி எடுத்து, இதயத் துடிப்பு அபாயகரமாகக் குறைந்திருப்பதைக் கடிதமாக எழுதித் தந்த பிறகே மையம் அவளை ஏற்றுக்கொண்டது. மனநோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று என்பதை அறிந்த ஒரு சிறப்பு மையம் காத்திருக்கச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

உள்ளே நுழைந்தபின் கிடைத்த கவனிப்பு முற்றிலும் வேறு. வளரிளம் பருவத்தினருக்கு அவர்கள் கையாள்வது குடும்பம் சார்ந்த சிகிச்சை. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருப்பெற்ற முறை அது. முதற்கட்டத்தில் ஒவ்வொரு வேளை உணவின் பொறுப்பையும் பெற்றோர் ஏற்கிறார்கள். எடை மீளத் தொடங்கியதும் அப்பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. இறுதிக் கட்டத்தில் பேச்சு உணவை விட்டு அவளுடைய படிப்பு, நட்பு, எதிர்காலம் என்று நகர்கிறது. நோய்க்குக் காரணம் பெற்றோர்தாம் என்ற பழியைச் சிகிச்சையாளர் தொடக்கத்திலேயே அகற்றினார். அந்த ஒரு செயலுக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனெனில் குற்றவுணர்வில் ஒடுங்கிப்போன தாயால் அழுகின்ற பிள்ளையின் முன் தட்டை வைத்துவிட்டு உறுதியாக உட்கார்ந்திருக்க முடியாது. நீண்ட பட்டினிக்குப் பின் உணவைக் கூட்டும்போது இரத்தத்தில் பாஸ்பேட் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் தொடக்க வாரங்களில் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்தார்கள். எங்கள் கேள்விகள் எதற்கும் அவசரப்பட்டுப் பதில் சொன்னதில்லை.

மற்றொரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடின்றி மிகையாக உண்ணும் கோளாறும் டிஎஸ்எம்-5-இல் தனி நோயாக இடம்பெற்றுள்ளது; ஆயினும் அதற்காக இங்கு வருவோருக்கு எடைக் குறைப்பு உணவுப் பட்டியலே கையில் தரப்படுகிறது. அவர்களுக்கு வேண்டியது உளவியல் சிகிச்சை.

இந்த மையத்துக்குச் செல்ல நினைப்பவர்கள், எடை இழப்பு தொடங்கிய காலம், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுத்த நாடித்துடிப்பு மற்றும் இரத்த அழுத்தம், இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் முடிவுகள் ஆகியவற்றை எழுத்தில் கொண்டுசெல்லுங்கள். இரத்த முடிவுகள் சரியாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று பொருளாகாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அங்கே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினர் சிலர் சேர்ந்து நிர்வாகத்திடம் கோரிக்கை மனு அளித்திருக்கிறோம். எடை வரம்பை நீக்க வேண்டும், முதல் மதிப்பீட்டிலேயே இதயப் பரிசோதனை செய்ய வேண்டும், காத்திருப்போரை யாராவது ஒருவர் தொடர்ந்து அழைத்து விசாரிக்க வேண்டும் என்பவை எங்கள் கோரிக்கைகள். உலக உண்ணல் கோளாறு செயல் நாளான ஜூன் 2-க்குள் பதில் தருமாறு கேட்டுள்ளோம். முதல் கோரிக்கை நிறைவேறும் நாளில் இந்த மதிப்பெண்ணைத் திருத்துவேன்.