வின்எஸ்சிபி: பகலுக்கு எக்ஸ்இ, ராத்திரிக்கு காம்

வடக்கு மாசி வீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கல்யாண ஆல்பப் பக்கங்களை இங்கே டிசைன் பண்ணி, சிவகாசியில் உள்ள பிரஸ்ஸின் சர்வருக்கு எஸ்எஃப்டிபி (நெட் வழியாகப் பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) வழியாக அனுப்புவார்கள். அதற்கு வின்எஸ்சிபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2000-இலிருந்து இருக்கிற இலவச மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடும். அதன் ஃபோல்டரைத் திறந்த டிசைனர் தம்பி, "அண்ணே, ஒரே பேர்ல ரெண்டு இருக்கு. எதைத் தட்டணும்?" என்று கேட்டான். ஒன்று வின்எஸ்சிபி.எக்ஸ்இ, இன்னொன்று வின்எஸ்சிபி.காம். அந்த 'காம்' வெப்சைட் முகவரியில் வருவது அல்ல. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்தே இருக்கிற ஃபைல் வகை.

விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும், தான் ஜன்னல் திறக்கும் வகையா, கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடும் வகையா என்று தன் தலைப்பகுதியிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரே ஃபைல் இரண்டு வகையாகவும் ஒழுங்காக நடந்துகொள்ள முடியாது. அதனால்தான் இந்த இரட்டை ஏற்பாடு. உண்மையான வேலைக்காரன் எக்ஸ்இதான். காம் ஒரு சின்ன ஃபைல். அது பின்னணியில் எக்ஸ்இ-யைக் கிளப்பி, நாம் தட்டுவதை அங்கே கொடுத்து, பதிலைக் கறுப்புத் திரைக்குக் கொண்டுவரும். காமை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணினால் ஓடாது, பக்கத்தில் எக்ஸ்இ-யும் இருக்க வேண்டும்.

பகலில், ஆள் உட்கார்ந்திருக்கும்போது, எக்ஸ்இ-க்கு ஈடு இல்லை. இடதில் நம் ஃபோல்டர், வலதில் பிரஸ்ஸின் ஃபோல்டர், இழுத்துப் போட்டால் போதும். அதே பெயரில் பழைய பக்கம் அங்கே இருந்தால், இரண்டின் அளவையும் நேரத்தையும் காட்டி 'மேலெழுதவா?' என்று கேட்கும். திருத்தாத பன்னிரண்டாம் பக்கம் அச்சுக்குப் போகாமல் அந்த ஒரு கேள்வி இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது. பெண், மாப்பிள்ளை பெயரைத் தமிழில் வைத்த ஃபோல்டர்கள் இதில் அழகாகத் தெரியும். பழைய கறுப்புத் திரையில் அவை வெறும் கட்டங்கள்; ஆனால் ஃபைல் சரியாகவே போய்ச் சேரும்.

ராத்திரி கதை வேறு. முகூர்த்த மாதங்களில் அனுப்ப வேண்டியது குவிந்துவிடும். அதனால் கடை மூடியபின் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) ஒரு பேட்ச் ஃபைலை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலை, ஓட்டும்படி வைத்தேன். அதில் எக்ஸ்இ-யை எழுதிவிட்டேன். செய்திகள் ஒரு ஃபைலில் சேரட்டும் என்று வரியின் கடைசியில் '>' குறியும் போட்டேன். நான் சோதித்தபோது பக்கங்கள் போயின. ஒருநாள் காலை பிரஸ்ஸிலிருந்து போன்: "பக்கம் ஒண்ணும் வரலையே." அந்த ஃபைலைத் திறந்தால் சைஸ் பூஜ்யம். எக்ஸ்இ தன் செய்தியை அந்தக் குறி வழியாகத் தராது. என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதிய ஸ்கிரிப்டை இந்த மாதிரி கொடுத்தால் ஜன்னலும் காட்டாமல் ஓடி முடிந்துவிடும். அங்கே பாஸ்வேர்டு மாறியிருக்கிறது, இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு வீட்டாரின் ஆல்பம் இரண்டு நாள் தள்ளிப்போனது. அது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காமில் இந்தக் குருட்டுத்தனம் இல்லை. செய்தி அதே திரையில் வரும், '>' போட்டால் ஃபைலுக்குப் போகும். கட்டளை வரியில் நேரே தட்டினாலும் வேலை முடியும்வரை திரை காத்திருக்கும். எக்ஸ்இ-யைத் தட்டினால் காத்திருக்காது. எக்ஸ்இ, காம் என்ற வால் இல்லாமல் வெறும் பெயரைத் தட்டினால் விண்டோஸ் காமைத்தான் முதலில் எடுக்கும். ஆனாலும் பேட்ச் ஃபைலில் முழுப்பெயர் எழுதுவதே நல்லது.

எதை ஓட்டினாலும், ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு இடங்களில் இடறும். சர்வரின் ஹோஸ்ட் கீ-யை (இது சரியான சர்வர்தான் என்று காட்டும் அடையாளச் சாவி) நாம் பகலில் 'சரி' என்று ஏற்றுக்கொண்டது நம் விண்டோஸ் கணக்கில் மட்டும் பதிவாகும். ஷெட்யூலர் வேறு கணக்கில் ஓடினால் அது தெரியாமல் நின்றுவிடும்; கீ-யின் அடையாளத்தை ஸ்கிரிப்டிலேயே எழுத வேண்டும். இன்னொன்று பாஸ்வேர்டு. அதில் @ இருந்தால், ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டோடு சேர்த்து சர்வர் முகவரி எழுதும் வரியில் %40 என்று எழுத வேண்டும். அந்த வரி பேட்ச் ஃபைலுக்குள் இருந்தால் %%40. இதையெல்லாம் கையால் எழுதாதீர்கள். எக்ஸ்இ-யின் லாகின் ஜன்னலிலேயே ஸ்கிரிப்ட் தயாரித்துத் தரும் வசதி இருக்கிறது.

ராத்திரிக்கும் எக்ஸ்இ பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஆள் வேலை செய்கிற கம்ப்யூட்டரிலேயே பின்னணியில் அனுப்ப வேண்டுமென்றால், கறுப்பு ஜன்னல் வந்து நிற்கக் கூடாது. வைரஸ் என்று பயந்து மூடிவிடுவார்கள். அங்கே எக்ஸ்இ-யே சரி, ஆனால் நடந்ததை ஒரு ஃபைலில் பதிந்து வைக்கும் அதன் லாக் வசதியைக் கட்டாயம் போட வேண்டும்.

இப்போது ஸ்டுடியோவில் காம்தான் ராத்திரி ஓடுகிறது. முடிந்ததும் அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும்; 0 வந்தால் சரி. 1 வந்தால் பேட்ச் ஃபைல் டெஸ்க்டாப்பில் 'போகவில்லை' என்று ஒரு ஃபைலை வைத்துவிடும். காலையில் தம்பி முதலில் அதைத்தான் பார்க்கிறான். இருந்தால் எக்ஸ்இ-யைத் திறந்து, வலது பக்கத்தில் 'ஃபைல்பார்ட்' என்ற வாலோடு பாதியில் நிற்பது எந்தப் பக்கம் என்று தேடி, அங்கிருந்தே மீதியை அனுப்புகிறான்.