ஹோம் கிட்டா, லேப் டெஸ்ட்டா?

எக்ஸ்டஸிங்கிற போதை மாத்திரைய போடுறதுக்கு முன்னாடி செக் பண்ண ரெண்டு வழி இருக்கு, ஒன்னு காசு குடுத்து வாங்கி வீட்டுலயே கலர் மாறுதான்னு பாக்குற ரீஏஜென்ட் கிட், இன்னொன்னு நெதர்லாந்துல 1992ல இருந்து நடக்குற டிஐஎம்எஸ்ங்கிற போதைப்பொருள் சோதனை அமைப்பு மாதிரி லேப் டெஸ்ட்.

கிட் ஈஸி. மாத்திரைய லேசா சுரண்டி, அந்தத் தூள் மேல கிட்ல வர்ற மார்க்கிங்கிற ரசாயனத்த ஒரு சொட்டு விட்டா, எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸில இருக்கவேண்டிய போதைப்பொருள்) இருந்தா சட்டுனு ஊதாவாகி கருப்பாகிடும். அவ்ளோதான். எத்தன மில்லிகிராம்னு சொல்லாது, அந்தக் கருப்புக்குள்ள வேற எது கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கலர் வந்துடுச்சு, அப்போ சேஃப்னு நம்புறாங்க பாருங்க, அதுதான் எனக்கு பயமே.

லேப்ல என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு ரெண்டுமே வரும். 2014 டிசம்பர்ல பிங்க் கலர் சூப்பர்மேன் மாத்திரைல எம்டிஎம்ஏ-வுக்குப் பதிலா பிஎம்எம்ஏங்கிற ஆபத்தான வேற போதைப்பொருள் இருக்குன்னு டச்சுக்காரங்க கண்டுபிடிச்சு நாடு முழுக்க எச்சரிக்கை விட்டாங்க, அங்க அதனால சாவு பதிவாகல, ஆனா பிரிட்டன்ல அதே மாத்திரையால 4 பேர் செத்துட்டாங்க. பிஎம்எம்ஏ மெதுவாதான் ஏறும், ஒன்னும் ஆகலயேன்னு இன்னொன்னு போடுவாங்க, உடம்பு சூடு எகிறிடும். நாலு உயிருங்க!

குறைன்னா, ரிசல்ட் வர நாளாகலாம், எல்லா ஊர்லயும் கிடையாது. நியூசிலாந்து 2021ல இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்து சட்டமே போட்டுச்சு, ஆஸ்திரேலியாவோட கான்பெராவுல 2022ல டெஸ்ட் சென்டர் திறந்தாங்க. பக்கத்துல இருந்தா லேப்தான், யோசிக்கவே வேணாம். ரெண்டுமே சேஃப்னு சர்ட்டிஃபிகேட் தராது, ரிசல்ட் மோசம்னா காசு போனா போகட்டும்னு அத தூக்கிப் போடுறது போடப்போறவர் பொறுப்பு. கிட் மட்டும்தான் கைல இருக்கா, எதிர்பார்த்த கலர் வரலன்னா அந்த மாத்திரை வேணவே வேணாம்.