கடல் பார்த்த கொண்டோ: காற்றும் உப்பும்

போன வாரம் சிங்கப்பூரில் எங்கள் கொண்டோ வீட்டின், அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டின், ஏர்கான் கம்ப்ரசர்களை மறுபடியும் மாற்றினோம். அதே வாரம்தான் பழைய அலுவலகத் தோழி ஒருவர், "ஈஸ்ட் கோஸ்ட்ல கடல் பார்த்த மாதிரி ஒரு வீடு வந்திருக்கு, வாங்கலாமா? நீ அங்கதானே இருக்க, உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். கேட்ட நேரம் அப்படி என்பதால் என் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன். எத்தனை அறை, எத்தனை சதுர அடி, எந்த ரயில் நிலையம் பக்கம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அங்கேயே பல வருடம் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று அதில் இருக்காது. அதுதான் உப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தீவின் உள்ளே செரங்கூன் கார்டன்ஸில் இருந்த தரைவீட்டை விற்றுவிட்டு ஈஸ்ட் கோஸ்ட்டின் மேயர் ரோடு பக்கம் வந்தவர்கள் நாங்கள். கடல் அழகாக இருக்கும் என்பது தெரிந்துதான் வந்தோம். எதிர்பாராமல் கிடைத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தெற்கிலிருந்து வீசும் மாதங்களில், பால்கனிக் கதவைத் திறந்துவிட்டால் சமையலறை வரை காற்று ஓடும். பழைய வீட்டில் இரவெல்லாம் புழுக்கத்தில் புரண்டுகொண்டிருந்த என் மாமியார், இங்கே ஹாலில் பாயை விரித்துப் படுத்தால் விடியும்வரை எழுந்திருப்பதில்லை. ஏர்கான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் தூங்குவதைப் பார்க்கும்போது, கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தோன்றும்.

அப்புறம் கப்பல்கள். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்பவை எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நிற்கும். நீரோட்டம் மாறும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் திரும்பி மறுபக்கம் பார்க்கும். வந்த புதிதில் இதைக் கவனிக்கவே இல்லை. இப்போது என் கணவர் காலையில் கப்பல்களின் முகத்தைப் பார்த்தே கடலின் போக்கைச் சொல்லிவிடுகிறார். விடிகாலையில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மேற்கே கருமேகத் திரளாகக் கிளம்பி, ஒவ்வொரு கப்பலாக மறைத்துக்கொண்டு நம் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்ப்பதற்காகவே நான் அலாரம் வைக்காமல் எழுந்துகொள்கிறேன்.

கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஈசிபி விரைவுச்சாலை ஓடுகிறது. கதவைத் திறந்தால் காற்றோடு வாகன இரைச்சலும் வரும். வீடு பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறக்கச் சொல்லி, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது பழகிவிட்டது.

பழகாதது உப்புதான். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருந்தவர்களுக்கு உப்புக்காற்று புதிதில்லை. அங்கே அலை பெரிது, காற்றில் உப்பும் அதிகம். இங்கே சிங்கப்பூர் நீரிணையில் அலை சிறியது, கரையோரம் அலைத்தடுப்புப் பாறைகளும் உண்டு. அதனால் 'இங்க அவ்வளவா உப்பு கிடையாது' என்று சொத்து முகவர்கள் சொல்வார்கள். அளவு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அளவை மட்டும் வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். இந்த ஊரின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். இரவில் இன்னும் ஏறும். ஆகவே வந்து படிகிற கொஞ்ச உப்பும் காய்ந்து உதிர்வதே இல்லை. உலோகத்தின் மேல் உப்புநீர்ப் படலமாக அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

மழை படுகிற இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாமல் காற்று மட்டும் படுகிற இடங்கள்தான் முதலில் கெடுகின்றன. பால்கனிக் கூரையை ஒட்டிய மேல்பகுதி, ஜன்னல் கீல்களின் உட்புறம், சறுக்குக் கதவின் அடிச்சக்கரங்கள், ஏர்கான் வைக்கும் திட்டின் உள்மூலை. வீடு பார்க்கும்போது யாரும் குனிந்தோ அண்ணாந்தோ பார்க்காத இடங்கள் இவை. எல்லாருடைய கண்ணும் நேரே கடலுக்குப் போய்விடும்.

எனக்கு இன்னும் கோபம் ஆறாத கதை பால்கனிக் கம்பிக் கதை. பேரப்பிள்ளைகள் வருவார்களே என்று இன்விசிபிள் கிரில் போட்டோம். மெல்லிய எஃகுக் கம்பிகளை மேலிருந்து கீழே இழுத்துக் கட்டுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கடலோரம் என்பதால் 316 ரக எஃகுதான் வேண்டும் என்று கேட்டு, அதற்கான விலையைக் கொடுத்து, பில்லிலும் 316 என்று எழுதி வாங்கினோம். சாதாரண 304 ரகத்துக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு, 316-இல் 2 முதல் 3 விழுக்காடு வரை மாலிப்டினம் இருக்கும் என்பது. உப்பைத் தாங்குவது அதனால்தான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தும் சொல்ல முடியாது.

சில வருடம் கழித்துக் கம்பிகளின் மேல்நுனியில் தேநீர்க் கறை நிறத்தில் பழுப்பு இறங்க ஆரம்பித்தது. போட்ட நிறுவனத்தைக் கேட்டால், "நீங்கள் கழுவவில்லை, அதனால்தான்" என்றார்கள். இதில் பாதி உண்மை உண்டு, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். 316 எஃகும் கடலோரத்தில் நன்னீரால் கழுவாமல் விட்டால் கறை படியும். ஆனால் நாங்கள் கழுவினோம். பிறகு வேறொருவரை அழைத்துக் காட்டினோம். மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் திரவம் ஒன்றை அவர் கம்பியின் மேல் விட்டார். நிறம் மாறவில்லை. நிறுவனத்துக்குப் படம் அனுப்பினோம், அதன்பிறகு பதிலே இல்லை. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான கோரிக்கைகளைச் சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்தில் வைக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். துரு வெளியே தெரிந்தபோது அந்தக் காலம் கடந்திருந்தது. குழந்தை சாயும் கம்பி அது. அதில் போய் ஏமாற்றலாமா? எல்லாவற்றையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். இந்த முறை, வந்த கம்பிச் சுருளில் சோதித்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க விட்டோம். தோழிக்கும் அதையேதான் சொல்வேன்.

ஏர்கானுக்கு வருகிறேன். வெளியே இருக்கும் கம்ப்ரசர் பெட்டியில் செம்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். போன வாரம் வேலைக்கு வந்த புதுக்கோட்டைத் தம்பி பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "அக்கா, தொட்டுப் பாருங்க, அப்பளமாட்டம் நொறுங்குது" என்றார். தொட்டேன், தூளாகக் கையில் வந்தது. தீவின் உள்பகுதியில் இருக்கும் என் தங்கை வீட்டில், எங்களுக்கு முன்பே வாங்கிய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை உப்பு தாங்கும் பூச்சு உள்ளதாக வாங்கியிருக்கிறோம். சர்வீஸ் செய்யும்போதெல்லாம் வெளிப்பெட்டியையும் நன்னீரால் கழுவ வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். எழுதாவிட்டால் உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜன்னலும் இதே கதைதான். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட் இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம், பொறுப்பு வீட்டுக்காரருடையது. கட்டடத்தின் வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது. 20 ஆண்டு கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களுக்கு 7 ஆண்டுக்கு ஒருமுறை முகப்புச் சோதனை 2022 முதல் கட்டாயம். சோதனையில் ஏதாவது வந்தால் பழுதுபார்க்கும் பணம் நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகும். ஆகவே பழைய கொண்டோ என்றால் நிர்வாகக் குழுவின் பொதுக்கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். துருவைப் பற்றி எத்தனை பேர் புகார் செய்திருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

இப்போது விலை. கடல் பார்த்த பக்கத்துக்கு ஒரு விலை, பின்பக்கத்துக்குக் குறைந்த விலை, மாடி ஏற ஏற விலையும் ஏறும். எந்த மாடி எவ்வளவுக்குப் போனது என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். உப்புக்காக அந்த விலையில் தள்ளுபடி எதுவும் கிடையாது. அதே பக்கம், அதே மாடி என்றால் துருப்பிடித்த வீடும் நன்றாகக் கழுவி வைத்த வீடும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் பேசப்படுகின்றன. எங்கள் மாடியில் ஒருவர் விற்கும் முன் கீல்கள் மேலெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். சட்டப்படி அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. 'இருக்கும் நிலையிலேயே' என்ற நிபந்தனையோடுதான் வழக்கமாக விற்பனை நடக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாங்குபவர்தான்.

தோழி பார்க்கும் வீடு 3 மில்லியன் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷனுக்கு, அதாவது வேறு யாருக்கும் விற்காமல் வீட்டை நமக்காகப் பிடித்துவைக்கும் உரிமைக்கு, ஒரு விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி கொடுத்தால் வழக்கமாக இரண்டு வாரம் அவகாசம் கிடைக்கும். மனம் மாறினால் அந்தப் பணம் போனதுதான். ஆகவே ஏர்கான் ஆளையும் ஜன்னல் ஆளையும் ஆப்ஷன் கொடுப்பதற்கு முன்பே கூட்டிப் போக வேண்டும். வாங்குவோர் முத்திரை வரி மட்டும் 119,600 வெள்ளி. இருக்கிற வீட்டை வைத்துக்கொண்டு இதை இரண்டாவதாக வாங்கினால் சிங்கப்பூரருக்குக் கூடுதல் வரி 20 விழுக்காடு, இன்னும் 600,000 வெள்ளி. அப்புறம், 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவருக்கும் வரி உண்டு: முதல் ஆண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4. எங்கள் அனுபவத்தில் உப்பு தன் வேலையைக் காட்டத் தொடங்குவதும் அந்தக் கால அளவுக்குள்தான். பிடிக்கவில்லை என்று உடனே விற்றுவிட்டு ஓட முடியாது.

தோழியின் தம்பி சென்னையிலிருந்து, தெற்கே செந்தோசா தீவில் இருக்கும் செந்தோசா கோவ் குடியிருப்பைப் பற்றியும் விசாரித்தாராம். நிரந்தரவாசியாக இல்லாத வெளிநாட்டவர் அனுமதி பெற்றுத் தரைவீடு வாங்க வழியுள்ள இடம் அது. 99 ஆண்டுக் குத்தகை நிலம். ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. அதே 3 மில்லியன் வீட்டுக்கு 1.8 மில்லியன் வெள்ளி வரி. மேலும் அங்கே பல வீடுகள் வாங்கிய விலைக்கும் கீழே கைமாறியிருக்கின்றன. சுற்றிலும் கடல், வாய்க்கால். இங்கே நான் பாடும் உப்புப் பாட்டை அங்கேயும் பாடலாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே லாங் ஐலண்ட் என்ற பெயரில் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தைக் கடலில் மீட்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். உயரும் கடலிடமிருந்து கரையைக் காக்கத்தான். பல பத்தாண்டு வேலை. அது முடியும்போது நம் முன்னால் கிடப்பது நன்னீர்த் தேக்கமாக இருக்கும், கடல் அதற்கு அப்பால் போய்விடும். இதில் அநியாயம் எதுவும் இல்லை. 1960களில் இந்தக் கரையை மண்போட்டு நிரப்பும்வரை காத்தோங் பக்கத்து வீடுகளின் பின்வாசலிலேயே கடல் இருந்தது. எங்கள் கொண்டோவுக்கு எதிரே இருக்கும் பூங்காவும் சாலையும் அப்படி வந்த நிலம்தான். ஆனால் 'நிரந்தரக் கடல் காட்சி' என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், அந்த வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, வாங்கலாமா? இன்றைக்குக் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். அதே கொண்டோவில் பின்பக்கம் பார்த்த வீட்டை வாங்குங்கள். கணிசமான பணம் மிஞ்சும், ரயில் நிலையம் அதே தூரம், கடல் வேண்டுமென்றால் சாலைக்கு அடியில் இருக்கும் நடைபாதை வழியாகப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். நாங்கள் விற்கப் போகிறோமா என்றால், இல்லை. மாமியார் இங்கே தூங்குகிறார், அது போதும் எங்களுக்கு. ஆனால் அவரைப் போன்ற காரணம் இல்லாதவர்களுக்கு, முதலீடு என்று நினைத்து வருகிறவர்களுக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் கடல் பார்த்ததுதான் வேண்டும் என்று தோழி பிடிவாதமாக இருந்தால், மழை பெய்து ஓய்ந்த நாளில் வீடு பார்க்கப் போக வேண்டாம். எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஜூலை, ஆகஸ்டில், நாலைந்து நாள் மழையில்லாமல் தெற்குக் காற்று அடித்த பிறகு போகட்டும். பால்கனிக் கூரை ஓரத்தில் ஒரு விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். ஏர்கான் ஆள் வேண்டுமென்றால் அந்தப் புதுக்கோட்டைத் தம்பியை நானே அனுப்பி வைக்கிறேன்.