ஒரே சீட்டில் இரண்டு மொழி: பாஸ்க் நாடாளுமன்றத் தேர்தல் வாக்காளருக்கு என்ன சேவை தருகிறது?

தேர்தலையும் ரேஷன் கடையை எடைபோடுவது போல எடைபோடலாம். வரிசையில் எவ்வளவு நேரம், அளவு சரியா, கையில் தரும் ரசீது நமக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்கிறதா. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வண்டிப்பெரியாறு லயங்களிலும் வாழும் தமிழருக்கு இந்த மூன்றாவது கேள்விதான் முதலில் வரும். ஊரில் பேசுவது தமிழ், அலுவலகத்தில் இருப்பது மலையாளம் என்ற நிலையில் வாக்களிக்கப் போகிறவர்கள், ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் தேர்தலைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது. அங்கே 2024 ஏப்ரல் 21 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலையும் அதற்கு முந்தையவற்றையும் வைத்து, வாக்காளர் பக்கம் நின்று எழுதிய மதிப்பீடு இது.

பாஸ்க் மொழி அதன் சொந்த மண்ணிலேயே பெரும்பான்மை மொழி அல்ல. பதினாறு வயதைக் கடந்தவர்களில் அதைச் சரளமாகப் பேசுவோர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவர். மற்றவர்களுக்கு ஸ்பானிஷ். 1979ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டமான கெர்னிகா சாசனம் இரண்டையும் ஆட்சிமொழி ஆக்கியது. வாக்குச்சீட்டைப் பார்த்தாலே அதன் பலன் தெரியும். பாஸ்க் சீட்டு தனி, ஸ்பானிஷ் சீட்டு தனி என்று இல்லை. ஒரே தாளில் தலைப்பு இரண்டு மொழியிலும் இருக்கும், கட்சியின் பெயரும் இரண்டு மொழியிலும் இருக்கும், கீழே வேட்பாளர் வரிசை. எந்த மொழிக்காரர் எந்தத் தாளை எடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 'உங்களுக்குத் தனியாக ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறோம்' என்பதற்கும் 'இது எல்லாருக்குமான தாள், அதில் உங்கள் எழுத்தும் உண்டு' என்பதற்கும் உள்ள தூரம் எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கேரளத்திலும் உள்ளாட்சித் தேர்தலில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் வாழும் வார்டுகளில் மலையாளத்தோடு அந்தந்த மொழியிலும் பெயர் அச்சிடப்படுகிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இயந்திரத்தில் ஒட்டும் தாளோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பூத் ஸ்லிப், வாக்காளர் பட்டியல், திருத்தப் படிவம், சாவடிச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு என்று வாக்காளர் கைபடும், கண்படும் தாள் பல. இவற்றில் ஒன்று மட்டும் மலையாளத்தில் நின்றுவிட்டாலும் அக்‌ஷயா என்னும் அரசு இ-சேவை மையத்தில் யாரையாவது படித்துச் சொல்லக் கேட்கும் நிலை வந்துவிடும்.

இனி சாவடிக்குள் நடப்பது. காலை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுவார்கள். ஒரு மேசைக்கு ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர். மூவரும் அரசு ஊழியர் அல்லர். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருந்து குலுக்கலில் எடுக்கப்பட்ட சாதாரண மக்கள். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், 70 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மாற்று ஆள் உண்டு, அவர்களும் காலை 8 மணிக்கே வந்துவிட வேண்டும். முடியாது என்றால் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் காரணத்தோடு எழுத வேண்டும். எழுதாமல் வராமல் இருந்தால் குற்ற வழக்கு. பக்கத்து வீட்டுக்காரரே தலைவராக உட்கார்ந்திருப்பதால், மேசையில் எந்த மொழி பேசலாம் என்ற பயம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. அடையாளத்துக்கு தேசிய அட்டை, பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் போதும். விரலில் மை கிடையாது, பட்டியலில் பெயருக்கு நேரே குறிப்பதோடு சரி.

வாக்காளர் செய்ய வேண்டியது சிறிய வேலை. கட்சிக்கு ஒரு தாள் வீதம் அடுக்கி வைத்திருக்கும் மேசையிலோ மறைப்பறையிலோ ஒரு தாளை எடுத்து, கவரில் போட்டு, பெயரைச் சொல்லிப் பெட்டியில் சேர்க்க வேண்டும். தாளில் எதுவும் எழுதக் கூடாது, யாருடைய பெயரையும் அடிக்கக் கூடாது, டிக் போடக் கூடாது. அடித்துத் திருத்தினால் செல்லாது. கவர் இல்லாத தாளும் செல்லாது. ஒரு கவரில் இரண்டு வெவ்வேறு கட்சித் தாள் இருந்தால் செல்லாது, ஒரே கட்சியின் தாள் இரண்டு இருந்தால் ஒரு வாக்காக எடுத்துக்கொள்வார்கள். காலிக் கவர் போட்டால் அது வெற்று வாக்கு, செல்லுபடியாகும் கணக்கில் சேரும். ஏதாவது ஒரு கட்சியின் தாள் தீர்ந்துபோய், உடனே தருவிக்க முடியாவிட்டால் தலைவர் வாக்குப்பதிவை நிறுத்த வேண்டும். நின்ற நேரம் கடைசியில் கூட்டித் தரப்படும். இது அருமையான விதி. கையிருப்பு இல்லாமல் கடை திறந்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

குறையும் இங்கேதான் இருக்கிறது. மறைப்பறை உண்டு, ஆனால் உள்ளே போவது கட்டாயமில்லை. திறந்த மேசையில் எந்த அடுக்கில் கை வைக்கிறார் என்று வரிசையில் நிற்பவர் பார்த்துவிடலாம். கட்சிகள் தாளையும் கவரையும் முன்கூட்டியே வீட்டுக்குத் தபாலில் அனுப்புவதால் வீட்டிலேயே மடித்து எடுத்து வருகிறவர்களும் உண்டு. ஓரளவு அது காப்பாற்றும், ஆனால் காகிதச் செலவு மிக அதிகம். மேஸ்திரியும் சூப்பர்வைசரும் ஒரே வரிசையில் நிற்கும் எஸ்டேட் சாவடியில் இந்த ஏற்பாடு வேலைக்கு ஆகாது. அங்கே நம் இயந்திரமும் அட்டை மறைப்பும் நல்லது என்றே தயங்காமல் சொல்லலாம். ஆனால் இயந்திரத்துக்கும் அதற்கென்று ஒரு வழுக்கல் உண்டு. கேரளக் கிராமப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் என்றால் கிராமம், பிளாக், மாவட்டம் என்று மூன்று வாக்கு. வெள்ளை, இளஞ்சிவப்பு, இளநீலம் என்று மூன்று தாள். மூன்றையும் அழுத்தாமல் நிறுத்த நினைப்பவர் கடைசி இயந்திரத்தில் 'எண்ட்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாமல் வெளியே போனால் அடுத்தவருக்கு இயந்திரம் திறக்காது, வரிசை நிற்கும். பாஸ்க் சீட்டில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை.

எண்ணுவதில் பாஸ்க் முறைக்கு முழு மதிப்பெண். இரவு 8 மணிக்குக் கதவை மூடியதும் தபாலில் வந்த கவர்களை, பட்டியலில் சரிபார்த்து, அதே பெட்டியில் போடுவார்கள். அதனால் தபால் வாக்கு யாருக்குப் போனது என்று தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பிறகு மேசைக்காரர்கள் தங்கள் வாக்கைப் போடுவார்கள். அதன்பின் பெட்டியைத் திறந்து, தலைவர் ஒவ்வொரு கவராகப் பிரித்து, கட்சிப் பெயரைச் சத்தமாகப் படித்து, தாளை மற்றவர்களுக்குக் காட்டுவார். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். முடிவை அறிவித்தபின், செல்லாதவை என்று ஒதுக்கியவற்றையும் தகராறில் உள்ளவற்றையும் தவிர மற்ற தாள்களை அங்கேயே அழித்துவிடுவார்கள். மறு எண்ணிக்கை கேட்க நினைப்பவருக்கு இது உறுத்தும். ஆனால் எண்ணும்போதே கண் முன்னால் நடப்பதால் சந்தேகத்தை அப்போதே எழுப்பி, பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

இடங்களைப் பகிர்வது டோன்ட் முறையில். கணக்கு எளிது, வாசகசாலைக் குழுத் தேர்தலில் வைத்தே போட்டுப் பார்க்கலாம். 7 இடம், செல்லுபடியான வாக்கு 1000 என்று வைத்துக்கொள்வோம். முதல் அணிக்கு 420, இரண்டாவதற்கு 310, மூன்றாவதற்கு 190, நான்காவதற்கு 60, வெற்று வாக்கு 20. இடப் பங்கீட்டில் சேரத் தேவையான தகுதி வரம்பு 3 சதவீதம், அதாவது 30. நான்கு அணியும் தாண்டிவிட்டன. இனி ஒவ்வொரு அணியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, கிடைக்கும் எண்களில் பெரிய ஏழை எடுக்க வேண்டும். 420, 310, 210, 190, 155, 140, 105. முதல் அணிக்கு நான்கு இடம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று, நான்காவதற்கு ஒன்றுமில்லை. வரம்பைத் தாண்டினால் இடம் நிச்சயம் என்று நினைப்பதுதான் புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. இடம் குறைவாக இருந்தால் உண்மையான வரம்பு அதைவிட மேலே இருக்கும். கடைசி இடத்தைக் கவனியுங்கள். இரண்டாவது அணியின் 310ஐ மூன்றால் வகுத்தால் 103.33. இன்னும் 6 வாக்கு கிடைத்து 316 ஆகியிருந்தால் 105.33 வந்து அந்த ஏழாவது இடம் கைமாறியிருக்கும். 5 வாக்கு மட்டும் கூடி 315 ஆகியிருந்தால் இரண்டு பக்கமும் 105, அப்போது மொத்த வாக்கு அதிகம் உள்ள அணிக்கே இடம்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. வெளிநாட்டில் வாழ்வோரின் வாக்குகளைச் சில நாள் கழித்துத்தான் எண்ணுகிறார்கள். 2016இல் அப்படி எண்ணியபோது பிஸ்காயாவில் ஓர் இடம் பாஸ்க் தேசியவாதக் கட்சியான பி.என்.வி.யிடம் இருந்து இடதுசாரித் தேசியவாதக் கூட்டணியான எஹ் பில்டுவுக்குப் போனது. 2020இல் அதே பிஸ்காயாவில் எஹ் பில்டுவிடம் இருந்து ஓர் இடம் மக்கள் கட்சிக் கூட்டணிக்குப் போனது. தேர்தல் இரவில் அறிவிக்கும் எண்ணை இறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது அதிகம் வாக்குவாதத்துக்கு உள்ளாகும் அம்சம். அராபா, பிஸ்காயா, கிபுஸ்கோவா என்று மூன்று நிலப்பகுதி. பிஸ்காயாவில் 11 லட்சத்துக்கு மேல் மக்கள், கிபுஸ்கோவாவில் 7 லட்சத்துக்கு மேல், அராபாவில் சுமார் 3.3 லட்சம். மொத்தம் 75 இடம், மூன்றுக்கும் சமமாகத் தலா 25. 1980இல் நடந்த முதல் தேர்தலில் தலா 20ஆக இருந்தது, 1984இல் 25 ஆனது. ஆக, அராபாவில் ஒரு வாக்குக்கு பிஸ்காயா வாக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். 1986 தேர்தலில் பி.என்.வி.க்கு சோஷலிஸ்டுகளைவிட வாக்கு அதிகம், இடமோ 17. சோஷலிஸ்டுகளுக்கு 19. 2024இல் மொத்த வாக்கில் சுமார் 2 சதவீதம் மட்டுமே வாங்கிய தீவிர வலதுசாரிக் கட்சியான வாக்ஸ் அராபாவில் ஓர் இடம் பெற்றது. அதைவிடச் சற்று அதிகம் வாங்கிய இடதுசாரிக் கட்சியான போடெமோஸுக்கு ஒன்றுமே இல்லை. பி.என்.வி., எஹ் பில்டு இரண்டும் தலா 27 இடத்தில் நின்றாலும், வாக்கில் பி.என்.வி. ஏறத்தாழ 3 சதவீதம் முன்னால் இருந்தது.

எண்ணிக்கை நியாயத்தைப் பார்க்கிறவருக்கு இது அநியாயம்தான். இருந்தாலும் இதைத் தவறு என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. தனித்தனி வரலாறும் உரிமைகளும் கொண்ட மூன்று நிலங்கள் சேர்ந்து ஒரு வீடு கட்டியபோது, சிறியதற்கும் சம அறை கொடுத்திருக்கிறார்கள். மக்கள் தொகையை மட்டும் பார்த்துப் பங்கிட்டால் ஓரத்தில் இருக்கும் சிறிய பகுதியின் பேச்சு எப்படி மெலிந்துபோகும் என்பதைத் தேவிகுளம், பீருமேடு பக்கத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, இங்கே பாதுகாப்பு நிலத்துக்கு, மொழிக்கு அல்ல. அராபாவில்தான் பாஸ்க் பேசுவோர் விகிதம் மற்ற இரண்டையும்விடக் குறைவு. இந்த ஏற்பாட்டை மொழிச் சிறுபான்மைக்கான மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தகுதி வரம்பு முன்பு 5 சதவீதம். 2000இல் 3ஆகக் குறைத்தார்கள், 2001 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், அதுவும் கடைசியில் கொண்டுபோய்க் குவிக்காமல் ஆறு ஆறு பெயராகப் பார்த்தாலும் அந்த அளவு இருக்க வேண்டும் என்பது 2005இல் இருந்து சட்டம். மூடிய பட்டியல் என்பதால் வாக்காளர் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது, கட்சி வைத்த வரிசைதான். தொகுதி உறுப்பினரிடம் மனு கொண்டுபோய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றும்.

இந்தச் சேவை பெரிதாகத் தடுக்கிய ஆண்டு 2009. இடதுசாரித் தேசியவாதிகளின் பட்டியல்களை நீதிமன்றம் தடைசெய்தது. அவர்களின் ஆதரவாளர்கள் தடைசெய்யப்பட்ட தாளையே போட்டார்கள். சுமார் 1 லட்சம் வாக்கு செல்லாமல் போனது. சோஷலிஸ்டுகளின் 25, மக்கள் கட்சியின் 13 சேர்ந்து 38, பெரும்பான்மைக்குச் சரியாகத் தேவையான எண். சோஷலிஸ்டுகளின் பாட்சி லோபெஸ் ஆட்சித் தலைவர் ஆனார். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். பெட்டியில் விழுந்த வாக்கில் பன்னிரண்டில் ஒன்றுக்கு மேல் கணக்கில் வராத அவையை முழுப் பிரதிநிதித்துவம் என்று சொல்ல முடியாது.

ஆட்சித் தலைவரான லெஹெந்தகாரியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் ஒரு நல்ல நுணுக்கம் உண்டு. அவையில் ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளர் நிற்கலாம். உறுப்பினர் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லலாம் அல்லது ஒதுங்கி நிற்கலாம். 'வேண்டாம்' என்று வாக்களிக்க வழியில்லை. முதல் சுற்றில் அறுதிப் பெரும்பான்மை, இல்லையென்றால் அடுத்த சுற்றில் அதிக வாக்கு. எதிர்ப்பதற்கு மட்டும் கூடி, ஆள் இல்லாமல் இழுத்தடிக்க முடியாது. 2024இல் அது தேவைப்படவில்லை, பி.என்.வி.யின் 27உம் சோஷலிஸ்டுகளின் 12உம் சேர்ந்து இமானோல் பிரதாலெஸை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தன.

கடைசியாகப் பெயர் எழுதும் விஷயம். சிறியதாகத் தோன்றும், ஆனால் எல்லையில் தினமும் அடிபடுவது இதில்தான். ஸ்பானிஷில் எச்செவெர்ரியா என்று எழுதும் குடும்பப் பெயரை பாஸ்க் எழுத்து முறையில் எட்செபெர்ரியா என்று பதிவேட்டிலேயே சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அதே எழுத்து வரும். நம் பக்கம் தமிழில் ஒரே 'ப', மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்து. தமிழில் எழுதிக் கொடுத்த பாபுவை மலையாளத்துக்கு மாற்றுகிறவர் எந்த எழுத்தைப் போடுவார் என்பது அவர் காதைப் பொறுத்தது. அப்பா பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுப் பெயர் கேட்கப்படும், இல்லாதவர் எதையாவது நிரப்புவார். ஆதாரில் ஒன்று, பட்டியலில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று ஆவது இப்படித்தான். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் கேரளச் சட்டமன்றமே சாட்சி. தேவிகுளம் உறுப்பினருக்குத் தமிழில் தயாரித்துத் தந்த உறுதிமொழியில் ஒரு பகுதி விட்டுப்போனதால் அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது.

வரைவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில் தமிழ் வடிவத்தையும் மலையாள வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது என்ற நான்கையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தப் படிவத்தில் இரண்டு எழுத்திலும் சரியான பெயரைக் கையால் எழுதி, ஆதார் நகலோடு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.