கழுத்துத் தண்டுவட நெருக்கம்: ஆபரேஷன் முன்பக்கமா, பின்பக்கமா?

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், நடை தள்ளாடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கும். ஆபரேஷன்தான் என்று முடிவான பிறகு, எந்தப் பக்கமிருந்து என்ற கேள்வி வரும்.

முன்பக்க ஆபரேஷனில் தொண்டையின் ஓரமாகச் சிறு கீறல் போட்டு, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கிக்கொண்டு, கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கை எடுப்பார்கள். அந்த இடைவெளியில் எலும்புத்துண்டோ கூண்டோ வைத்து, பிளேட் போட்டு இரு எலும்புகளையும் ஒட்டவிடுவார்கள். 1950களிலிருந்து நடக்கிறது. தசையை அதிகம் வெட்டுவதில்லை என்பதால் வலி குறைவு. அழுத்தம் முன்னாலிருந்து, அதுவும் ஒன்றிரண்டு மட்டங்களில் (அதாவது ஒன்றிரண்டு டிஸ்க் இருக்கும் இடங்களில்) மட்டும்தான் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் வரலாம். பெரும்பாலோருக்கு நாளடைவில் சரியாகும். ஒட்டவிடாமல் செயற்கை டிஸ்க் வைக்கும் வழியும் உண்டு. மூட்டுகள் தேய்ந்துபோன கழுத்துக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

மூன்று மட்டங்களிலோ அதற்கு மேலோ நெருக்கம் என்றால் பேச்சு பின்பக்கம் திரும்பும். அங்கே மூன்று வழிகள். பின்புற எலும்புத் தகட்டை மட்டும் எடுத்துவிடும் லேமினெக்டமி எளிது. ஆனால் ஆதாரம் போனதில் கழுத்து காலப்போக்கில் முன்னால் கவிழ வாய்ப்புண்டு. அதனால் ஸ்க்ரூவும் கம்பியும் சேர்த்துப் பூட்டுவது இரண்டாவது வழி. கவிழாது, ஆனால் கழுத்தைத் திருப்புவது நன்றாகவே குறையும்.

மூன்றாவது லேமினோபிளாஸ்டி. 1970களில் ஜப்பானில் உருவானது. தண்டுவடத்துக்கு முன்னால் உள்ள தசைநார் எலும்பாக இறுகும் நோய் அங்கே அதிகம். தகட்டின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டி, மறுபக்கத்தை பாதி மட்டும் குடைந்து கீல் போல விட்டு, கதவைத் திறப்பது மாதிரி திறந்து, சின்ன பிளேட்டால் நிறுத்திவிடுவார்கள். எலும்பும் இருக்கும், அசைவும் ஓரளவு மிஞ்சும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 163 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஓராண்டு கழித்த உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. சிக்கல்கள் மட்டும் முன்பக்கத்தில் சுமார் 48 சதவீதம், பின்பக்கத்தில் 24. விழுங்கும் சிரமமே இதற்கு முக்கியக் காரணம். லேமினோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் அவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, டாக்டரே தேர்ந்தெடுத்திருந்தார். அதை அப்படியே நம்பிவிட முடியாது. இருந்தாலும், டாக்டரிடம் “எனக்கு லேமினோபிளாஸ்டி ஒத்துவருமா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

பின்பக்க ஆபரேஷனுக்கும் தனித் தொந்தரவு உண்டு. சிலருக்குத் தோளைத் தூக்க முடியாமல் போகும். பலருக்கு அது சில மாதங்களில் திரும்பிவிடும்.

அப்புறம், நின்றபடி எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்க்கவேண்டும். படுத்தெடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கழுத்தின் உண்மையான வளைவு தெரியாமல் போகலாம். இயல்பான வளைவு இருந்தால், பின்னால் திறந்ததும் தண்டுவடம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். கழுத்து முன்னால் கவிழ்ந்திருந்தால் நகராது. லேமினோபிளாஸ்டி மட்டும் போதாது. அப்போது முன்பக்கம்தான், சிலருக்கு இரண்டு பக்கமும்.