பழைய சாவியே திரும்பினால் அது ‘புது’ சிலிண்டரா? கார் டோர் லாக் விஷயத்தில் உஷார்

டிரைவர் பக்கக் கதவில் சாவி இறுகுகிறது என்று வொர்க்‌ஷாப்பில் விடப்பட்ட ஒரு கார். “சிலிண்டர் போச்சு, புதுசு போட்டாச்சு” என்று 4,800 ரூபாய்க்கு பில். (சிலிண்டர் என்றால், லாக்கில் சாவி நுழைந்து திரும்பும் உருளை.) ஆனால் அந்தப் ‘புது’ சிலிண்டரில் பழைய சாவியே ஜோராகத் திரும்பியது. புது சிலிண்டர் பொதுவாகத் தனக்கென்று ஒரு சாவியோடுதான் வரும். பழைய சாவிக்கே திறக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளைப் பழைய சாவியின் வெட்டுக்கு ஏற்ப மாற்றி அடுக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்தீர்களா, கழற்றிய சிலிண்டர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. போதாக்குறைக்கு, மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்கக் கதவுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே கதவின் உட்புறப் பேனலை மூடிவிட்டார்கள். அடுத்த மழையில் கால்மிதி நனைந்தது.

சாவி இறுகுவதற்குப் பெரும்பாலும் தூசும் காய்ந்த கிரீஸும்தான் காரணம். முதலில் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது லேசாகத் திரும்பினால் தேய்ந்தது உங்கள் சாவி, லாக் அல்ல.

கதவே சரியாகத் திறக்காமல், மூடாமல் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். கதவைத் திறந்து வைத்து, லாக் போடாத நிலையில், ஓரத்தில் இருக்கும் லாட்சின் (கதவை மூடியபடி பிடித்துக்கொள்ளும் பூட்டு) கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளுங்கள். இரண்டு ‘டக்’ சத்தம் வரும். வெளிக் கைப்பிடியை இழுத்தால் கொக்கி சட்டென்று விடுபட வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அழுக்கு. இங்கே நன்றாக விடுபட்டு, கதவை மூடினால் மட்டும் இறுகினால், தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் (கொக்கி மாட்டிக்கொள்ளும் வளையம்) நகர்ந்திருக்கும் அல்லது கதவு தொங்கியிருக்கும். இதற்கும் லாக்கை மாற்றத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் கொக்கியை விடுவிக்காமல் கதவை அடித்து மூடாதீர்கள், ஸ்ட்ரைக்கரில் மோதி லாட்ச் நிஜமாகவே கெட்டுவிடும்.

லாட்சைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, அழுக்கைக் கரைக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடியுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, கொக்கியைப் பத்துப் பதினைந்து முறை பூட்டித் திறந்தால் கறுப்பாக அழுக்கு வழியும். துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் மிளகு அளவு வையுங்கள். பலர் ஸ்ப்ரேயோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பழைய கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும், சில வாரங்களில் மறுபடி இறுகும்.

சாவித் துவாரத்துக்கு கிரீஸ் ஆகாது. கிராஃபைட் பொடி ஒரே ஒரு பீய்ச்சு, சாவியைச் சில முறை நுழைத்து எடுத்துத் துடைக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே எண்ணெய் இருந்தால் பொடி போடாதீர்கள், இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசியை இழுக்கும், குளிரில் உறையும்.

பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையென்றால் கதவின் ஓரத்தில் சைல்டு லாக் விழுந்திருக்கிறதா பாருங்கள். இதற்குக்கூடப் பணம் பிடுங்குவார்கள்.

சாவிக்குத் திறந்து, ரிமோட்டுக்கு ஒரே ஒரு கதவு மட்டும் முனகிக்கொண்டு நின்றால், அந்தக் கதவின் மோட்டார் சந்தேகத்துக்குரியது. அப்போது வொர்க்‌ஷாப் போகத்தான் வேண்டும். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேனலை மூடுவதற்கு முன் ஷீட் முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது மூடிய கண்ணாடி மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடி ஓட்டைகள் வழியாக அது வெளியே வடிய வேண்டும், காருக்குள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் பேனலை மறுபடி கழற்றச் சொல்லுங்கள்.