ஊட்டியில் ஆடி மாதம் காரின் துணி சீட்டைக் கழுவக் கொடுக்காதீர்கள்

பில்லில் இருந்தது இரண்டே வரி: இன்டீரியர் ஃபோம் வாஷ், ஃபேப்ரிக் செராமிக் கோட்டிங் (துணிக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு). மொத்தம் 6,500 ரூபாய். காலை ஒன்பது மணிக்கு ஊட்டிக் கடையில் விட்ட வண்டி மாலை ஐந்துக்கே திரும்பி வந்துவிட்டது. சீட் பளிச்சென்று இருந்தது, உள்ளே கமகமவென்று நீலகிரித் தைல வாசனை. நான்காம் நாள் கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு நாற்றம். பத்து நாளில் பின்சீட் தையல் ஓரமெல்லாம் சாம்பல் பூஞ்சணம், முன்சீட்டில் பழுப்பு வளையங்கள், போதாதற்கு டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு. கடைக்குப் போய்க் கேட்டால், "மழைக்காலத்துல இங்க அப்படித்தாங்க இருக்கும். மேல ரெக்ஸின் கவர் போட்டுட்டா தெரியாது" என்கிறார்கள். தெரியாதுதான்.

ஏமாற்று வேலை அந்த மாலை ஐந்து மணியில்தான் இருக்கிறது. சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், சீக்கிரம் உலர்ந்துவிடும். கையால் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதற்கு அடியில் இருக்கும் தடித்த ஸ்பாஞ்சுதான் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். பிரஷர் கன்னால் அடித்தால் ஈரம் ஸ்பாஞ்சின் அடிவரை இறங்கிவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நேரத்தில் பகலிலேயே பெரும்பாலும் 20 டிகிரியைத் தொடாது, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும். அந்தக் காற்று சீட்டிலிருந்து எதை உறிஞ்சும்? மேட்டுப்பாளையம் வெயிலில் கதவைத் திறந்து போட்டால் காய்ந்துவிடுகிற சீட், இங்கே கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தைலம் அடிப்பது நாற்றத்தை மறைக்க மட்டும்தான்.

பழுப்பு வளையம் எப்படி வந்தது? உலரும்போது ஈரம் ஸ்பாஞ்சிலிருந்து மேலே ஏறும். ஏறும்போது உள்ளிருந்த அழுக்கையும் அலசாமல் விட்ட சோப்பையும் கூடவே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், அழுக்கு ஓரத்தில் தங்கிவிடும். மிச்சச் சோப்பு பிசுபிசுப்பாக இருப்பதால் புதுத் தூசியும் அதில்தான் ஒட்டும். காரத்தன்மை அதிகமான கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் அடிப்பது இந்தக் கடைகளின் வழக்கம். தேயிலைக் கறையில் காரம் பட்டால் கறை கறுக்கும், போகாது. தேயிலை விளையும் ஊரில் இதுகூடத் தெரியாமல் கடை நடத்துகிறார்கள்.

ஏர்பேக் விளக்கை அலட்சியம் செய்ய வேண்டாம். முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர்கள் சைடு ஏர்பேக்குக்கோ விபத்தில் சீட்பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவிக்கோ போகிறவை. அதில் தண்ணீர் புகுந்தால் விளக்கு எரியும், விபத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம். நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள், கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

முறையான வேலையில் தண்ணீர் குறைவு, நேரம் அதிகம். செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். அதனால் காயவிட்டு முதலில் வாக்குவம். பிறகு காரத்தன்மை குறைந்த ஃபேப்ரிக் கிளீனரை லேபிளில் சொன்ன அளவுக்குக் கலந்து, நுரையாக்கி, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஒரு சீட்டுக்குக் கால் லிட்டரைத் தாண்டினால் அதிகம். அடுத்து எக்ஸ்ட்ராக்ஷன் மெஷினில் சுத்தத் தண்ணீர் விட்டு உறிஞ்ச வேண்டும்: ஒரு முறை விட்டால் மூன்று முறை வெறுமனே இழுப்பது, நாசிலின் கண்ணாடியில் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை. கடைசி அலசலில் லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்சக் காரம் அடங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்த இடத்துக்கு என்சைம் கிளீனர்தான் சரி. குளிரில் அது மெதுவாக வேலை செய்யும் என்பதால் கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும். ரூஃப் லைனிங்கில் எதையும் நேராக அடிக்கக் கூடாது. பசை விட்டுத் தொங்கிவிடும்.

காயவைக்க ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி விடுங்கள். கார்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் ஃபெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், அங்கேதான் தண்ணீர் தேங்கும். ஒரு அடி சதுரப் பாலித்தீன் தாளை சீட்டில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் துளி நின்றால் இன்னும் காயவில்லை.

கோட்டிங் அதற்குப் பிறகுதான். ஈரத் துணியில் அது பிடிக்காது. முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, மெல்லிசாக இரண்டு முறை; அதன்பின் ஒரு நாள் யாரும் உட்காரக் கூடாது. காலையில் விட்டு மாலையில் எடுத்த வண்டிக்குக் கோட்டிங் போட்டார்கள் என்றால் யார் நம்புவது? சோதிப்பது சுலபம். ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் மறைவான இடத்தில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய். இரண்டும் உருண்டு நின்றால் ஃப்ளோரின் வகை. தண்ணீர் நின்று எண்ணெய் இறங்கினால் சிலிக்கான் வகை, விலை குறைவு. இரண்டும் இறங்கினால் அடித்தது வெறும் வாசனைத் தண்ணீர்.

பூஞ்சணம் வந்துவிட்டால் மாஸ்க் போட்டு வாக்குவம் செய்து, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மறைவிடத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். பிளீச் வேண்டாம், நிறம் போய்விடும். ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருந்தால் குஷன் கடையில் ஸ்பாஞ்சையே மாற்ற வேண்டியதுதான். ஈரத்தின் மேல் ரெக்ஸின் போட்டால் காற்றுக்கும் வழியில்லை. சீட்டிலேயே ஏர்பேக் உள்ள வண்டியில் சாதாரணக் கவர் பக்கவாட்டை மூடித் தைத்து ஏர்பேக் விரிவதையும் தடுக்கும்.

தை பிறந்து பங்குனி வரை ஊட்டியில் கழுவலாம். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையும் ஆகாது. அவசரமென்றால் மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும் தேதியோடு எடுத்த படங்களையும் வைத்துக்கொண்டு முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சொட்டுத் தண்ணீர் துணிக்குள் இறங்கும் வீடியோவையும் எடுத்து வையுங்கள், பில்லில்தான் கோட்டிங் என்று எழுதியிருக்கிறார்களே.